டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் நோயை இணையத்தில் சரியாகத் தேடுவது எப்படி?

அம்மாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல் விடவே இல்லை. குடியாத்தத்தில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். வேலூருக்குக் கூட்டிவந்து சேர்த்த பிறகு, வார்டில் இருந்த டாக்டரம்மா ஒருவர் அம்மாவின் இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்ததைக் கண்டுபிடித்தார். வலியே இல்லாததால் அம்மா அதைக் கவனிக்கவில்லை. அப்புறம்தான் வேறு ரத்தப் பரிசோதனை, வேறு மருந்து. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்க்ரப் டைஃபஸ் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. படித்துக் காட்டினேன். “இன்னாடா இது, அங்கயும் டைபாய்டுன்னாங்க, இங்கயும் அதைத்தானே எழுதிக்கிறாங்க?” என்று அம்மா கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு போனில் இரண்டு மணி நேரம் தேடினேன். தேடியது முழுக்க டைபாய்டைப் பற்றி. வேறொரு நோயைப் பற்றி அத்தனை கவலையோடு படித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து ‘இது இன்னா நோய், நெட்ல பாரேன்’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. ஆனால் எங்கே பார்ப்பது, எதை நம்புவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பது இந்த ஐந்தாறு வருடத்தில் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தேடுவது மருந்தை அல்ல, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் வராது.

முதலில் பெயர்

போனை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தை எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டயக்னாசிஸ்’ என்று ஒரு வரி இருக்கும், பயாப்ஸி ரிப்போர்ட் என்றால் கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று இருக்கும். அந்த வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததை வைத்துத் தேடாதீர்கள்.

டைபாய்டும் டைஃபஸும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். டைபாய்டு சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால், அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது. ஸ்க்ரப் டைஃபஸ் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற வேறு பாக்டீரியாவால், புதர்களிலும் புல்லிலும் இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. டைபாய்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகள் இதற்கு வேலையே செய்யாது.

தமிழ்ப் பெயரும் காலை வாரிவிடும். பத்திரிகைகளில் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். உண்ணி என்றால் நமக்கு மாட்டிலும் நாயிலும் பிடுங்கிப் போடுவதுதான் தெரியும். இதைப் பரப்புவதோ கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிலந்திப்பேன் வகையின் குஞ்சு. உண்ணிக் காய்ச்சல் என்பதை ஆங்கிலத்துக்கு மாற்றித் தேடினால் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் அமெரிக்காவின் லைம் நோயும் வந்து நிற்கும். ஆகவே படிப்பது எந்த மொழியில் என்றாலும் தேடுவது காகிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயரை வைத்துத்தான்.

சில சம்மரிகளிலும் இன்சூரன்ஸ் காகிதங்களிலும் நோய்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தும் சில எண்களும் இருக்கும். அது ஐ.சி.டி. குறியீடு, உலகம் முழுக்க ஒரே பட்டியல். ஸ்க்ரப் டைஃபஸ் ஏ75.3, டைபாய்டு ஏ01.0. குறியீடு இருந்தால் அதையும் போட்டுத் தேடிப் பாருங்கள், சரியான பெயர் தானாக வந்துவிடும்.

நோய்ப் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் டாக்டர் சந்தேகப்படுகிறார் என்று அர்த்தம், இன்னும் முடிவாகவில்லை. ‘ஆர்/ஓ’ என்று இருந்தால் அந்த நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளப் பார்க்கிறார்கள். அணைக்கட்டிலிருந்து ஒரு அண்ணன், மகளின் ஓ.பி. சீட்டில் கேள்விக்குறியோடு எழுதியிருந்த ஒரு பெயரைத் தேடிப் படித்துவிட்டு மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார், கடைசியில் பரிசோதனையில் அது இல்லை என்று வந்தது. கேள்விக்குறி போட்டதைப் பற்றி அளவுக்கு மீறித் தேட வேண்டாம். ரிசல்ட் வரட்டும்.

அப்புறம், ‘கிட்னி ப்ராப்ளம்’, ‘லிவர் வீக்கம்’, ‘கேன்சர்’ இதெல்லாம் நோயின் பெயர் அல்ல. மார்பகப் புற்றுநோய் என்றால்கூட எந்த வகை, எந்த ஸ்டேஜ், ஹார்மோன் ரிசெப்டர் பாசிட்டிவா, ஹெர்2 என்ன என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். சர்க்கரை என்றால் டைப் 1-ஆ, டைப் 2-ஆ என்று தெரிய வேண்டும். சுருக்கெழுத்து புரியவில்லையா, வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். காகிதத்தை போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் பெயரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்து, எளிமையான ஒரு பக்கம்

பெயர் கிடைத்தவுடன் நேராக ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போகாதீர்கள், தலை சுற்றும். பொதுமக்களுக்காக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை முதலில் படியுங்கள். நான் பார்ப்பது மூன்று நான்கு இடங்கள்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன் பிளஸ், எம்.எஸ்.டி. மேனுவலில் பொதுமக்களுக்கான பகுதி, பிரிட்டன் அரசின் என்.ஹெச்.எஸ். பக்கங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் தகவல் தாள்கள். எல்லாமே இலவசம். நோயின் பெயரோடு இந்த இடத்தின் பெயரையும் சேர்த்து கூகுளில் அடித்தால் போதும், நேராக அங்கே போகலாம். மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று வருவது விளம்பரம், அதைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

இங்கே வேலை அரை மணி நேரம்தான். நோய் எதனால் வருகிறது, எப்படி உறுதிசெய்கிறார்கள், என்ன வைத்தியம், எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். படிக்கும்போதே புதிதாக வரும் ஆங்கிலச் சொற்களை அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கறுத்த பொருக்குக்கு எஸ்கார் என்று பெயர் என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடிய பிறகுதான் உருப்படியான கட்டுரைகள் வரத் தொடங்கின.

பக்கத்தின் அடியில் எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதி இருக்கும், பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், இவை அந்தந்த நாட்டு மக்களுக்காக எழுதியவை. அமெரிக்க, பிரிட்டன் பக்கங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் என்பது ஆசியாவுக்குச் சுற்றுலா போய்வந்தவருக்கு வருகிற நோய். நமக்கோ அது வயலுக்குப் போகிற, ஆடு மேய்க்கிற, வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடக்கிறவர்களின் நோய், அதுவும் மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் மாதங்களில் அதிகம் வரும். நோய் ஒன்றுதான். ஆனால் யாருக்கு வரும், எவ்வளவு வரும், எந்த மருந்து கிடைக்கும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு.

தமிழில் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு: நம்பத் தகுந்தது குறைவு, அது எனக்கு வருத்தம்தான். காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகளுக்கு எளிய சுருக்கங்கள் உண்டு, அவற்றில் ஒரு பகுதியைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். காக்ரேனின் தெற்காசிய மையமே நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் இயங்கியது என்பது இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது. மற்றபடி ஆங்கிலப் பக்கத்தை போனிலேயே தமிழுக்கு மாற்றிப் படிக்கலாம், மேலோட்டமாகப் புரியும். ஆனால் மருந்தின் பெயர், அளவு, ‘கூடாது’ என்று வரும் வாக்கியங்கள் இந்த மூன்றையும் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ‘கொடுக்கக் கூடாது’ என்பது ‘கொடுக்கலாம்’ என்று மாறிவந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் என்ன செய்கிறார்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., பல நோய்களுக்கு ‘ஸ்டாண்டர்டு ட்ரீட்மென்ட் வொர்க்ஃப்ளோ’ என்று ஒன்றிரண்டு பக்க அட்டவணைகளை 2019-இலிருந்து வெளியிட்டு வருகிறது. டாக்டர்களுக்காகச் செய்தது, ஆனால் நாமும் பார்க்கலாம். எந்த அறிகுறி வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கும். புற்றுநோய்க்கு, நாட்டின் புற்றுநோய் ஆஸ்பத்திரிகள் சேர்ந்த கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிட்டின் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. காசநோய்க்கு மத்திய அரசின் ஒழிப்புத் திட்டத்தின் ஆவணங்கள். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுவது (2024 நவம்பருக்கு முன்பு 500 ரூபாயாக இருந்தது) போன்ற தகவல் எந்த வெளிநாட்டுப் பக்கத்திலும் இருக்காது. ஆகவே இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

பப்மெட்

இனிதான் ஆராய்ச்சி. பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். இதுவும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, 1996-இலிருந்து இணையத்தில் இருக்கிறது, மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் உள்ளே உண்டு. கணக்கு ஆரம்பிக்க வேண்டாம், பணம் வேண்டாம். கட்டுரைகளின் சுருக்கம் பெரும்பாலும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும்.

வெறும் நோயின் பெயரை மட்டும் அடித்தால் ஆயிரக்கணக்கில் கொட்டும். பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், பக்கத்தில் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைச் சேருங்கள்: வைத்தியமா, கர்ப்பமா, குழந்தைகளா, மறுபடி வருவதா. அப்புறம் ஃபில்டரைத் திறந்து ‘ரிவ்யூ’ அல்லது ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ (பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரை), கடைசி ஐந்து வருடம், ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ இந்த மூன்றையும் தட்டுங்கள். ஆயிரங்கள் இருபது முப்பதாகச் சுருங்கிவிடும். அதில் மூன்றைப் படித்தால் போதும் முதல் நாளைக்கு.

ஊரின் பெயரைச் சேர்த்துத் தேடுவது எனக்குப் பிடித்த வழி. ஸ்க்ரப் டைஃபஸ் என்பதோடு வேலூர் என்றும் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், இந்தப் பகுதி நோயாளிகளை வைத்தே செய்த ஆய்வுகள் வரிசையாக வரும். பழைய ஆய்வு வேண்டுமென்றால் வேலூர் என்று மட்டும் தேடக் கூடாது, நார்த் ஆர்காட் என்றும் தேட வேண்டும். 1989-இல்தான் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1989-க்கு முந்தைய கட்டுரைகளில் இந்தப் பகுதி முழுவதற்கும் நார்த் ஆர்காட் என்ற ஒரே பெயர்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், இதே வட ஆற்காட்டில். 1960-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பரவிய ட்ராபிகல் ஸ்ப்ரூ என்ற குடல் நோயைப் பற்றிய கட்டுரைகளும் அங்கேயே இருக்கின்றன. நம் பாட்டி தாத்தா காலத்து ஊர்கள் பப்மெட்டில் இருப்பதைப் பார்க்கும்போது ஒரு மாதிரி நெகிழ்ச்சியாக இருந்தது எனக்கு.

ஒரு எச்சரிக்கை. பப்மெட்டில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை சரி என்று ஆகிவிடாது. அது நூலக அட்டவணை மாதிரி. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று சொல்லும், புத்தகம் நல்லதா என்று சொல்லாது.

கட்டுரையை எப்படிப் படிப்பது

எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐந்து விஷயத்தைப் பிடித்தால் போதும்: யார் மேல் செய்தார்கள், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள், எதை வெற்றி என்று கணக்கு வைத்தார்கள், எந்த வருடம். ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், அம்மாவின் நோயையே எடுத்துக்கொள்வோம்.

2023-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது, இன்ட்ரெஸ்ட் ட்ரையல் என்று அதற்குப் பெயர், நடத்தியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் தலைமையில் இந்தியாவில் ஏழு மையங்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்று இரண்டு மருந்து உண்டு. தனித்தனியாகக் கொடுப்பது நல்லதா, இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லதா என்பதுதான் கேள்வி. முடிவு, சேர்த்துக் கொடுப்பது மேல். இதை மட்டும் படித்துவிட்டு ‘எங்கம்மாவுக்கு ஏன் ஒரே மருந்து கொடுத்தீங்க’ என்று டாக்டரிடம் சண்டைக்குப் போயிருந்தால் அது என் தவறாக இருந்திருக்கும்.

ஏனென்றால், யார் மேல் செய்தார்கள்? நோய் முற்றி நுரையீரலோ ஈரலோ சிறுநீரகமோ ஏதாவது ஒரு உறுப்பு பாதிக்கப்பட்டவர்கள் மேல். மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அம்மாவுக்கு அந்த நிலை வரவில்லை, மாத்திரையிலேயே சரியானது. எத்தனை பேர்? 794 பேர், இந்த நோய்க்கு அது பெரிய எண்ணிக்கை. எதோடு ஒப்பிட்டார்கள்? சேர்த்துக் கொடுத்த குழு ஒன்று, தனித்தனி மருந்து வாங்கிய குழு இரண்டு; யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி முடிவு செய்தார்கள். டாக்டர் தனக்குத் தோன்றியபடி பிரித்தால் நல்ல நிலையில் இருப்பவர்கள் ஒரே பக்கம் போய்விடலாம், அதைத் தடுக்கத்தான் இந்தக் குலுக்கல்.

எதை வெற்றி என்று கணக்கு வைத்தார்கள் என்பதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்த ஆய்வில் வெற்றியை எண்ணாமல், நேரக் கூடாத மூன்றைச் சேர்த்து ஒரே கணக்காக வைத்தார்கள்: 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல். இதில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் சேர்த்துக் கொடுத்த குழுவில் 100-க்கு 33, டாக்ஸிசைக்ளின் மட்டும் வாங்கியவர்களில் 47, அஸித்ரோமைசின் மட்டும் வாங்கியவர்களில் 48. நல்ல வித்தியாசம்தான். ஆனால் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ‘சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைப்பார்கள்’ என்று ஒருவர் இதைச் சுருக்கிச் சொன்னால் அது கட்டுரை சொல்லாத விஷயம்.

சதவீதத்தில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ஒரு மருந்து 100-க்கு இரண்டு பேருக்கு வந்த தொந்தரவை ஒருவராகக் குறைத்தால் அதை ‘50 சதவீதம் குறைந்தது’ என்று எழுதலாம், பொய் இல்லை. ஆனால் 100 பேர் சாப்பிட்டு ஒருவருக்குத்தான் பலன். சதவீதத்தைப் பார்த்தவுடன் ‘எத்தனையிலிருந்து எத்தனைக்கு’ என்று தேடுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொரு உதாரணம், இதுவும் வேலூரிலிருந்தே. ஹீமோபிலியா ஏ என்பது ரத்தம் உறையாத பரம்பரை நோய். அதற்கு சி.எம்.சி. மருத்துவர்கள் ஜீன் தெரபி, அதாவது மரபணு வழியான வைத்தியம், கொடுத்து 2024 டிசம்பரில் அதே அமெரிக்க இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. எத்தனை பேர்? ஐந்து பேர். இது முதல் படி, பாதுகாப்பானதா, வேலை செய்கிறதா என்று பார்க்கும் கட்டம். ஹீமோபிலியா உள்ள பையனின் அம்மா இதைப் படித்தால் ‘நாளைக்கே கூட்டிக்கொண்டு போகலாமா’ என்று நினைக்கத்தான் செய்வார், யாருக்குத்தான் தோன்றாது. அவர் அடுத்து தேட வேண்டியது கட்டுரையை அல்ல, பதிவேட்டை.

நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகள்

இந்தியாவில் மனிதர்கள் மேல் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இருக்கிறது, ஐ.சி.எம்.ஆர். நடத்துவது. 2007 ஜூலையில் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளை இதில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் தேடலாம். நோயின் பெயரைப் போட்டால் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கட்டத்தில், ஆள் சேர்க்கிறார்களா முடித்துவிட்டார்களா, எந்த வயதுக்காரர்களைச் சேர்ப்பார்கள் என்று எல்லாம் வரும். உலக அளவில் பார்க்க கிளினிக்கல் ட்ரையல்ஸ் டாட் கவ்.

சேர நினைத்தால், ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதில் எதிக்ஸ் கமிட்டியின், அதாவது ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் குழுவின், தொடர்பு எண் இருக்க வேண்டும். நடுவில் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. ஆய்வில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், குறிப்பாக ஆஸ்பத்திரி வாசலிலோ லாட்ஜிலோ வந்து கேட்டால், அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

அரிய நோய் என்றால் ஆர்ஃபாநெட் என்ற ஐரோப்பியத் தளத்தில் தொடங்குங்கள், பெரிய தளங்களில் கிடைக்காத பெயரும் அங்கே இருக்கும். இந்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையையும் படியுங்கள், அதில் சொல்லியிருக்கும் நோய்களுக்குக் குறிப்பிட்ட மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது.

கட்டுரை பூட்டிக் கிடந்தால்

சுருக்கம் மட்டும் வந்து, முழுக் கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்கும். கட்டாதீர்கள். அதே தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு ‘ஆல் வெர்ஷன்ஸ்’ என்பதைத் தட்டுங்கள், இலவசப் பிரதி எங்காவது இருக்கும். பப்மெட் சென்ட்ரலில் இருந்தால் முழுவதும் இலவசம். இல்லையா, கட்டுரை எழுதியவரின் ஈமெயில் முகவரி பெரும்பாலும் சுருக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், இரண்டு வரியில் மரியாதையாகக் கேளுங்கள். நான் நான்கு பேருக்கு எழுதி மூன்று பேர் அனுப்பினார்கள். சொந்தத்தில் யாராவது அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்தால் அவர்களிடமும் சொல்லிப் பாருங்கள். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்களுக்குப் பல பெரிய இதழ்கள் திறந்திருக்கின்றன. மற்றபடி ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ 1913-இலிருந்து வருகிறது, படிக்க இலவசம்.

எதைப் பார்த்தால் ஒதுங்குவது

முழுமையாகக் குணம் என்று சொல்லி, அதே பக்கத்தில் பாட்டிலை விற்றால் ஒதுங்குங்கள். குணமானவர்களின் பேட்டி மட்டும் இருந்து, குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே இல்லாவிட்டாலும் அப்படித்தான். ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ என்று போட்டு எந்த ஆராய்ச்சி என்று சொல்லாததும் அதே ரகம்.

மூலிகைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதையும் தேடலாம், ஆனால் தாவரவியல் பெயரில் தேட வேண்டும். நிலவேம்பு என்றால் ஆண்ட்ரோகிராஃபிஸ் பனிக்குலேட்டா என்று ஆங்கில எழுத்தில். வரும் கட்டுரைகளில் கண்ணாடிக் குழாயில் செய்தது எது, எலி மேல் செய்தது எது, மனிதர்கள் மேல் செய்தது எது என்று பிரியுங்கள். எலிக்கு வேலை செய்ததெல்லாம் மனிதருக்கு வேலை செய்வதில்லை, அலோபதி மருந்துக்கும் அதே கதைதான். கஷாயம் குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார் என்று பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

பெரிய இதழில் வந்ததும் தவறாகப் போகலாம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 12 குழந்தைகளை வைத்து 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரையை 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றது. அதைக் காட்டி இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரை என்றால் பப்மெட்டில் ‘ரிட்ராக்டட்’ என்று பளிச்சென்று போட்டிருக்கும், பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். கடினமான பத்தியை எளிதாக்கிச் சொல்ல அது உதவுகிறது, நானும் கேட்கிறேன். ஆனால் அது சொல்லும் கட்டுரையின் தலைப்பை அப்படியே பப்மெட்டில் போட்டுப் பாருங்கள். சில நேரம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது, தலைப்பு, ஆசிரியர், வருடம் எல்லாம் பார்க்க உண்மை போலவே இருக்கும்.

கேள்வித் தாள்

ஓ.பி.யில் கிடைப்பது ஐந்து நிமிடம், அதற்காக நாள் முழுக்கக் காத்திருக்கிறோம். பத்துக் கட்டுரையை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தால் எந்த டாக்டருக்கும் பொறுமை போய்விடும். ஒரே தாள். மேலே நோயின் பெயர், இப்போது சாப்பிடும் மருந்துகள். கீழே மூன்று கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். கேள்வி ‘நெட்டில் இப்படிப் போட்டிருக்கிறதே’ என்று ஆரம்பிக்காமல், ‘இது எங்க அம்மாவுக்குப் பொருந்துமா’ என்று முடிந்தால் பதில் நன்றாக வரும். கட்டுரையின் பப்மெட் எண்ணை மட்டும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர் கேட்டால் காட்டலாம். படித்ததை நம்பி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மாற்றாதீர்கள். இதை எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் காட்பாடியில் ஒரு வீட்டில் வலிப்பு மருந்தை நிறுத்தி என்ன நடந்தது என்று பார்த்தவன் என்பதால் நானும் சொல்கிறேன்.

அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனபோது தாளில் ஒரே கேள்விதான் இருந்தது, அதுவும் அம்மாவின் கேள்வி. “மறுபடி வருமா, வராதா? அதை மட்டும் கேளு.” நான் படித்திருந்தேன். இந்த நோய்க்குத் தடுப்பூசி இல்லை, ஒரு முறை வந்தால் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி நீண்ட நாள் நிற்பதில்லை, வேறு ரகக் கிருமி தொற்றினால் மறுபடி வரலாம். டாக்டரும் அதையேதான் சொன்னார். கூடவே, கொல்லைப்புறத்துப் புதரை வெட்டச் சொன்னார், புல்லில் வெறுமனே உட்கார வேண்டாம், துணியைச் செடி மேல் உலர்த்த வேண்டாம், தோட்ட வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றச் சொன்னார், காய்ச்சல் வந்தால் உடம்பு முழுக்கப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, வேலியோரத்து நொச்சிச் செடி மேல் காய்ந்துகொண்டிருந்த புடவைகளை எடுத்து முற்றத்துக் கொடியில் போட்டதுதான்.